நிக்கவே நிக்காது

“உனக்கு எந்த ரூம் வேணும், ரெனி?”

விலைக்கு வந்த வீட்டைச் சுற்றிப் பார்க்கும்போது அண்ணி ஷாரன் ரெனிதாவைக் கேட்டாள். பிறந்ததிலிருந்து அவளை யாரும் கேட்காத கேள்வி அது. அம்பத்தூர் வாடகை வீட்டில் இருப்பதே ஒரு ரூம்தான். அண்ணன் யூஜினுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குப் படுக்கை சமையற்கட்டில், சிலிண்டருக்குப் பக்கத்தில். பத்தாவதில் பள்ளிக்கூடத்தை விட்டவள், நாலு பேர் இருக்குமிடத்தில் வாய் திறக்காதவள். இப்போது அண்ணி மாசமாக இருக்கிறாள். ஐப்பசியில் பிள்ளை. அதற்குள் சொந்த வீடு வேண்டுமென்று யூஜின் ஒற்றைக்காலில் நின்றான்.

பாரிவாக்கத்தில் இந்த வீடு விலைக்கு வருகிறதென்று புரோக்கர் துலுக்கானம் சொல்ல, ஞாயிறு பூசை முடிந்த கையோடு மூவரும் அவரோடு வந்திருந்தார்கள். பின்பக்கத்து ரூமில் சின்னதாக ஒரு ஜன்னல். அதன் கம்பியைப் பிடித்த ரெனிதா கையை எடுக்கவில்லை. “இதுதான் அண்ணி,” என்று காதோடு சொன்னாள்.

தன்னோடு வேலை செய்பவர்கள் சொல்லியனுப்பியதை யூஜின் ஒன்று விடாமல் செய்தான். சுவரைத் தட்டினான். குழாய்களைத் திறந்துவிட்டான். கதவுகளைச் சாத்திப் பார்த்தான். முக்கியமானதைக் கடைசிக்கு வைத்திருந்து, துலுக்கானத்திடம் கேட்டான்.

“மறைக்காம சொல்லு அண்ணாத்தே. இங்க தண்ணி நிக்குமா?”

“நிக்கவே நிக்காது சார். சித்திர வெயில்லயே நிக்காது. கண்ண மூடிக்கினு வாங்கு.”

யூஜின் பூரித்துப்போனான். ரெனிதாவுக்கு மட்டும் நெருடியது. சித்திரையில் தண்ணீர் ஏன் நிற்கப்போகிறது?

மெல்ல வெளியே வந்தாள். எதிர்வீட்டு வாசலில் கெங்கம்மாள் என்ற அம்மாள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். திறந்த கதவு வழியே உள்ளே ஃபிரிட்ஜ் தெரிந்தது. சிமெண்டுக் கல் அடுக்கி, இடுப்புயரத்தில் ஏற்றிவைத்திருந்தார்கள்.

“அக்கா, இங்க தண்ணி நிக்குமா?”

“அதெல்லாம் நிக்காது பாப்பா. எப்ப தொறந்தாலும் கொட்டும்.”

“கொழாத் தண்ணி இல்லக்கா. மழைத் தண்ணி.”

“அத்த கேக்குறியா?” கெங்கம்மாள் சிரித்தாள். “அது நம்ம ஊட்டு மாப்ள மாதிரி. ஐப்பசில வந்தா நடு ஊட்ல குந்திக்கினு போவவே மாட்டான். நாங்கதான் மாடிக்குப் பூடுவோம்.”

ரெனிதா திரும்பி வந்தபோது யூஜினின் கை அட்வான்ஸ் எடுக்கச் சட்டைப்பைக்குப் போயிருந்தது. பேசாமலிருந்தால் அந்த ஜன்னல் அவளுடையது. அண்ணியின் வயிற்றைப் பார்த்தாள்.

“அண்ணா, குடுக்காத. மழ பேஞ்சா ஊட்டுக்குள்ள தண்ணி வந்து நிக்குமாம்.”

“நான்தான் கேட்டனே ரெனி. நிக்காதுன்னாரே.”

“நீ மழைத் தண்ணி தேங்குமான்னு கேட்ட. அவரு கொழாத் தண்ணி நின்னு பூடுமான்னு நெனச்சிக்கினாரு.”

ஷாரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பொண்ணு பாக்க வந்தன்னிக்கும் உங்கண்ணன் இப்படித்தான். ‘இஷ்டமா?’ன்னு கேட்டாரு. நான் கேசரியக் கேக்குறாருன்னு ‘இன்னும் கொஞ்சம்’னேன்.”

“அந்த இன்னும் கொஞ்சத்துலதான்டி மாட்டிக்கினேன்,” என்றான் யூஜின். கை பையிலிருந்து காலியாக வெளியே வந்தது.

ஷாரன் நாத்தனாரின் கையை இழுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். “உனக்குப் புடிச்ச ரூமாச்சே.”

“போனா போவுது அண்ணி. கொழந்தைய வெச்சிக்கினு மாடில போயி குந்துவியா?”

ஷாரன் அந்தக் கையை இறுக்கிக்கொண்டாள். பிறகு துலுக்கானத்தின் பக்கம் திரும்பினாள்.

“நீங்களே சொல்லுங்கண்ணா. மழைத் தண்ணி நிக்குமா?”

துலுக்கானம் தெருவைப் பார்த்தார். பிடரியைத் தேய்த்துக்கொண்டார். எல்லோரும் வெளியே வரும்வரை நின்று கதவைப் பூட்டினார். சாவியைப் பையில் போட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார்.