மறுபடியும் அதே சத்தம்

கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றி வீட்டுக்காரர் உள்ளங்கையில் வைத்தேன். கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக உருவிக் கொடுத்தேன். எல்லாவற்றையும் வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "அவ்வளவுதானா? உள்ள மூளை ஏதாவது இருந்தா அதையும் கழட்டிக் குடுத்துட்டுப் போ" என்றார்.

"அது இருக்கான்னு பாக்கத்தான் போறேன்" என்றேன்.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். என் கைகள் சிரிக்கவில்லை, சில்லென்று கிடந்தன.

இந்த ஸ்கேன் அறைக்குள் என் தலைமுடியில் பாதி நரைத்திருக்கிறது. வருகிறவர்களைப் படுக்க வைப்பது, தலைக்குக் கூண்டு மாட்டுவது, கையில் ரப்பர் பந்தைக் கொடுத்து "பயமா இருந்தா அமுக்குங்க, மணி அடிக்கும், உடனே வெளிய எடுத்துடுவேன்" என்று சொல்வது, கண்ணாடிச் சன்னலுக்கு இந்தப் பக்கம் வந்து பொத்தானைத் தட்டுவது, இதுதான் என் பிழைப்பு. தலையைப் படம் எடுக்கும்போது ஆள் குழாய்க்குள் போய்விடுவார். வெளியே கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் எனக்கு முகங்கள் அதிகம் நினைவில் இல்லை, கால்விரல்கள்தான் நினைவிருக்கின்றன. பயந்தவர்களின் விரல்கள் உள்ளே மடங்கிவிடும். வாட்டசாட்டமான ஒருத்தர், பளு தூக்கிப் பழகியவர், கட்டில் உள்ளே நகர ஆரம்பித்ததுமே காலை உதறி எழுந்து வெறுங்காலோடு வாகனம் நிறுத்துமிடம்வரை ஓடிவிட்டார். ஒரு குழாயைப் பார்த்து இவ்வளவு பெரிய உடம்பு எதற்கு ஓடுகிறது என்று அன்றைக்கெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். உண்மையாகவே எனக்குப் புரியவில்லை.

இப்போது என் முறை. கொஞ்ச நாளாகவே இப்படித்தான். காய்கறிக் கடையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டு நிற்பேன், திடீரென்று நெஞ்சு ஓடும். கை மரத்துப்போகும், தரை நழுவும், இந்த நிமிடமே விழுந்து செத்துவிடுவேன் என்று தோன்றும். சாகமாட்டேன். வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு வருவேன். டாக்டர் எல்லாம் சோதித்துவிட்டு, "இது பதற்றம்மா. தலையில எதுவும் இருக்காது. உங்க திருப்திக்கு வேணா ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம்" என்றார். திருப்திக்காக எடுக்க வந்தவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். என் வயதில் ஒரு பள்ளிக்கூட டீச்சர் அப்படித்தான் வந்தார். விடைத்தாள் கட்டோடு வந்து, வெளியே காத்திருந்த நேரத்தில் திருத்திக்கொண்டிருந்தார். திரையில் அவருடைய தலை விரிந்தபோது இடது பக்கம் எலுமிச்சை அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு. அது என் தலையிலும் இருக்குமோ என்பதுதான் என் பயம். வேறு எதுவும் இல்லை.

இன்றைக்கு என்னைப் படம் எடுக்கப் போகிறவள் வாயாடி. என்னிடம் வேலை பழகியவள், இப்போது எனக்குச் சமமாக வேலை பார்க்கிறாள். கேள்வி கேட்காமல் அவளால் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது என்பதால் அந்தப் பெயர். தலைக்கூண்டை மாட்டி, பந்தைக் கையில் வைத்து, "ஒண்ணும் ஆகாதுக்கா" என்றாள். அப்படியே என் குரல், என் இழுப்பு. கீழே படுத்துக்கொண்டு கேட்கும்போதுதான் அந்த வார்த்தையின் லட்சணம் தெரிந்தது. ஏதோ ஆகப் போகிறது என்றல்லவா காதில் விழுகிறது.

கட்டில் நகர்ந்தது. முழுதாக உள்ளே போவதற்குள் பந்தை அமுக்கிவிட்டேன்.

வெளியே இழுத்தாள். "என்னக்கா?"

"சும்மாதான். மணி அடிக்குதான்னு பாத்தேன்."

வேறு யாராவது இருந்திருந்தால் நம்பியதுபோல நடித்திருப்பார்கள். இவள் கட்டில் ஓரத்தில் கையை ஊன்றிக்கொண்டு, "அக்கா, நான் இதுக்குள்ள ஒரு தடவைகூடப் போனதில்ல. எப்படி இருக்கு? நிஜமாத் தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்" என்றாள்.

"நாக்கு ஒட்டிக்கிச்சு."

"மேலயா, பல்லுக்கிட்டயா?"

"மேல. நெஞ்சு வேற ஓடுது."

"எங்க ஓடுது?"

இப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாருமே கேட்டதில்லை. எங்கே ஓடுகிறது என்று தேடிப் பார்த்தேன். "நெஞ்சுல இல்லடி. தொண்டைக்குழில."

"காலு?"

"ஐஸ் மாதிரி இருக்கு."

"மூச்சு?"

"மேலயே நிக்குது, கீழ இறங்க மாட்டேங்குது." சொல்லி முடிக்கும்போது அது கொஞ்சம் இறங்கியிருந்தது. எனக்கே வேடிக்கையாக இருந்தது.

"சரி, உள்ள போய்ப் பாத்துட்டு வந்து மீதியைச் சொல்லுங்க" என்று பத்திரிகைக்குச் செய்தி சேகரிக்க ஆள் அனுப்புகிறவளைப்போலச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

தலைக்கூண்டின் மேல் ஒரு சின்னக் கண்ணாடி சாய்வாக இருக்கும். உள்ளே இருப்பவருக்கு வெளியே தெரிந்தால் மூச்சுமுட்டாது என்பதற்காக வைத்தது. நானே நாள்தவறாமல் துடைத்து வைக்கிற கண்ணாடிதான். அதில் என்ன தெரியும் என்று இத்தனை நாள் பார்த்ததில்லை. என் கால்கள் தெரிந்தன. அவற்றுக்குப் பின்னால் சன்னல், சன்னலுக்குப் பின்னால் வாயாடியின் முகம். கால்விரல்கள் பத்தும் உள்ளே மடங்கியிருந்தன. யாருடைய காலையோ பார்ப்பதுபோல, இந்தப் பொம்பளை ரொம்பப் பயந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

சத்தம் ஆரம்பித்தது. முதலில் கதவைத் தட்டுவதுபோல, பிறகு துளைபோடுவதுபோல, அப்புறம் தகரத்தை உலுக்குவதுபோல. எது முடிந்து எது வரும் என்பது எனக்கு மனப்பாடம். மற்றவர்களுக்கு இது வெறும் இரைச்சல். எனக்கு அடுத்தது தெரியும் என்பதால் தைரியமாக இருக்கலாம் என்று நினைத்துத்தான் வந்தேன். தகரம் நின்றது. அடுத்து மெல்லிசாக ஒரு விசில் வர வேண்டும்.

வரவில்லை. மறுபடியும் தகரம்.

ஒரே சத்தம் திரும்ப வந்தால் காரணம் இரண்டுதான். ஆள் ஆடியிருக்க வேண்டும். இல்லையென்றால் திரையில் எதையோ பார்த்துச் சந்தேகம் வந்து இன்னொரு முறை எடுக்கிறார்கள். டீச்சருக்கு நான் அப்படித்தான் எடுத்தேன். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, அமைதியாகப் படுத்திருந்தார். எனக்குத் தெரிந்துவிட்டதே. கண்ணாடியில் வாயாடி திரைப்பக்கம் குனிந்தாள், பிறகு தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தாள். டாக்டரைத்தான் கூப்பிடுகிறாள்.

அடிவயிற்றிலிருந்து பயம் கிளம்பியது. உள்ளங்கையில் பந்து வழுக்கியது. அமுக்கினால் போதும், வெளியே காற்று, வெளிச்சம், வீட்டுக்காரருடைய அசட்டு ஜோக். விரல்கள் பந்தை வளைத்துக்கொண்டன. மீதியைச் சொல்லுங்க என்றாளே, மீதி என்ன என்று ஒரு எண்ணம் குறுக்கே வந்தது.

சரி, எவ்வளவு தூரம்தான் ஏறுகிறது என்று பார்ப்போம் என்று விட்டுவிட்டேன். வயிறு, நெஞ்சு, தொண்டை, காது. அடுப்பில் வைத்த பால் பொங்குவதுபோல ஏறியது. காதுக்கு வந்ததும் அதற்கு மேலே போக இடமில்லாமல் நின்றது. நின்று, கொஞ்சம் தாழ்ந்தது. அப்பாடா என்று நினைத்தேன், மறுபடி ஏறியது. இந்தத் தடவை கவனமாக இருந்தேன். டீச்சர் நினைப்பு வந்ததால் நெஞ்சு ஓடியதா, நெஞ்சு ஓடியதால் டீச்சர் நினைப்பு வந்ததா? பார்த்தால் நெஞ்சுதான் முன்னால் ஓடுகிறது. மனது அதன் பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிப்போய் ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறது. அன்றைக்கு வெங்காயக் கடையிலும் இப்படித்தானோ? அங்கே பயப்பட என்ன இருந்தது, வெங்காயத்தைத் தவிர? எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தலை ஆடும் என்று அடக்கிக்கொண்டேன்.

கண்ணாடியில் ஒரு பெருவிரல் மட்டும் விரிந்திருந்தது. பிறகு பக்கத்து விரல். தகரம் நின்று விசில் வந்தது.

வெளியே வந்ததும் முதல் வேலையாக, "எதுக்குடி மறுபடி எடுத்த?" என்றேன்.

"நீங்க காலை ஆட்டுனீங்க, எச்சிலையும் முழுங்கிட்டே இருந்தீங்க. தலை சேந்து ஆடிருச்சு. ஆடினா திரும்ப எடுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

"போன்?"

"வரவேற்புலேர்ந்துக்கா. இன்னும் எவ்வளவு நேரம்னு உங்க வீட்டுக்காரர் நச்சரிக்கிறாராம்."

கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள். டீச்சரிடம் நானும் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னேன்: படம் நல்லா வந்திருக்கு, டாக்டர் பாத்துச் சொல்வார் என்று. செருப்பைக்கூடப் போடாமல் திரைக்கு முன்னால் போய் நின்றேன்.

ஓரத்தில் வரிசையாகக் குட்டிப் படங்கள். முதலில் கெட்டுப்போனதைத் திறந்தாள். என் தலைதான். நெற்றியின் கோடு ஒன்றாக இல்லாமல், தண்ணீர்ப் பாத்திரத்தைத் தட்டியதுபோல வளையம் வளையமாக வெளியே பரவியிருந்தது. மூளையின் மடிப்புகளின் மேலும் அதே அலைகள். ஆடிய படங்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன், பார்த்ததும் எரிச்சல்தான் வரும். இதை வைத்த கண் வாங்காமல் பார்த்தேன். வெங்காயக் கடையில் என்னைத் துரத்தியதற்கு ஒரு முகம் கிடைத்ததுபோல இருந்தது.

"வீணாப்போனது, அழிச்சுடட்டுமாக்கா?"

"அழிக்காத. இருக்கட்டும்."

கதவு லேசாகத் திறந்து வீட்டுக்காரர் தலை தெரிந்தது. சட்டைப்பை கொண்டை ஊசிகளால் முட்டிக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரம் நகத்தைக் கடித்திருக்கிறார் என்பது விரலைப் பார்த்தாலே தெரிந்தது. "மூளை கிடைச்சுதா?" என்றார்.

"கிடைச்சுது. ஆடிக்கிட்டு இருக்கு" என்றேன். அவர் உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார்.

அலையடித்த படத்துக்கு அடுத்தது, இரண்டாவது தடவை எடுத்தது. கட்டைவிரல் நகம் அளவுக்குச் சின்னதாக இருந்தது. அந்த அளவில் ஒன்றும் தெரியாது, தட்டினால்தான் விரியும். வாயாடி எழுந்து நாற்காலியை எனக்கு விட்டாள். நான் உட்காரவில்லை. மவுசின்மேல் கையை வைத்தேன்.

அடிவயிற்றில் கிளம்பிவிட்டது. எங்கே வந்திருக்கிறது என்று பார்த்தேன், இன்னும் நெஞ்சுக்கு வரவில்லை. கீழே குனிந்தேன். என் கால்விரல்கள் பத்தும் குளிர்ந்த தரையைக் கவ்விப் பிடித்துக்கொண்டிருந்தன. மவுசிலிருந்து கையை எடுக்காமல், எந்த விரல் முதலில் விரிகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.