வாலோடு சொன்ன ஜெபம்

எனக்குக் கோபம் ஜாஸ்தி. இதை நானே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் என் மாமியார் சவுரியம்மாள் முந்திக்கொள்வார். நான் திமிரிப் பக்கத்து சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டண்ட் சபைக் குடும்பத்துப் பெண். கணவர் ஜார்ஜ் ஆம்பூர் கத்தோலிக்கர், ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். "உன் கோயிலுக்கும் என் கோயிலுக்கும் நடுவுல ஒரு தெருதான் புஷ்பம்" என்று சொல்லித்தான் என்னைக் கட்டிக்கொண்டார். அந்தத் தெரு எவ்வளவு அகலம் என்பது வந்த பிறகுதான் தெரிந்தது.

தினமும் சாயங்காலம் வீட்டில் ஜெபம் உண்டு. இயேசு கற்றுக்கொடுத்த அந்த ஒரே ஜெபத்தை அத்தை கத்தோலிக்க வார்த்தையில் சொல்வார், நான் எங்கள் வார்த்தையில் சொல்வேன். கடைசியில் அவர்கள் ஆமென் போட்டு நிறுத்துகிற இடத்தில் நாங்கள் நிறுத்துவதில்லை. ராஜ்யம், வல்லமை, மகிமை என்று எங்களுக்கு இன்னும் ஒரு வரி இருக்கிறது. அதை நான் தனியாக, கொஞ்சம் சத்தமாகவே சொல்வேன்.

"வந்துடுச்சிப்பா வாலு" என்பார் அத்தை, ஜெபமாலையை டப்பாவில் போட்டுக்கொண்டே.

"எங்களுது முழு ஜெபம் அத்தை. உங்களுதுதான் பாதியில நின்னுடுது."

"நானூறு ஐநூறு வருஷத்துக்கு முன்னாடி உங்காளுங்க கோச்சிக்கினு வெளிய போனாங்களே, அந்தக் கோவம் இன்னும் உன் மூக்கு மேலயே உக்காந்துருக்கு பாரு."

இந்த வாய்ச்சண்டை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. நான் உண்டான பிறகு அது நிஜச் சண்டையாகிவிட்டது. பிள்ளைக்கு எந்தக் கோயிலில் ஞானஸ்நானம்? எங்கள் கோயிலில்தான் என்று கல்யாணத்துக்கு முன்பே என் அப்பாவிடம் வாக்குக் கொடுத்திருந்தேன், ஜார்ஜும் கூடவே தலையாட்டினார். பிறகுதான் தெரிகிறது, அவர்கள் ஃபாதரிடமும் போய் அதே தலையை ஆட்டியிருக்கிறார்! கேட்டதற்கு, "ஷூன்னா ரெண்டு காலுக்கும் வேணும்ல" என்றார். அப்போது ஒரு ஷூ என் கைக்கு எட்டியிருந்தால் நடந்திருப்பதே வேறு.

பெயரிலும் தகராறு. பெண் என்றால் பைபிளில் வருகிற அக்சா என்று நான் முடிவு செய்திருந்தேன். அத்தைக்கு ஆரோக்கியமேரி என்று வைக்க வேண்டும், அது அவருடைய அம்மாவின் பெயர்.

"அக்சாவா? தும்மல் போட்ட மாதிரி இருக்குது. அதெல்லாம் ஒரு பேரா?"

நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

தொண்ணூற்றொன்பது ஜனவரியில் கிறிஸ்தவ ஒற்றுமை வாரம் வந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் எல்லாச் சபைகளுக்கும் சேர்த்து ஜெபக்கூட்டம். எங்கள் கோயில் ஆயரும் அவர்கள் ஃபாதரும் ஒரே மேடையில் உட்கார்ந்து, ஒரே கர்த்தர், ஒரே ஞானஸ்நானம் என்று மாறி மாறிப் பேசினார்கள். முடிவில் எல்லோரும் எழுந்து அந்த ஜெபத்தைச் சொன்னோம். பாதிக் கூட்டம் ஆமென் என்று நிறுத்த, மீதிப் பாதி நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அத்தை என் விலாவில் இடித்தார்.

"பாரேன், ஊரே வாலாட்டுது."

அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே இடுப்பில் சுருக்கென்று பிடித்தது. அப்போதுதான் எட்டாம் மாதம் தொடங்கியிருந்தது.

வேலூருக்குக் காரில் கொண்டுபோய், ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண். ஒரு கைக்குள் அடங்குகிற மாதிரி இருந்ததாம். எனக்கு ஜுரம் ஏறி நினைவே இல்லை. பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, நம்பிக்கை கம்மி என்று சொல்லிவிட்டார்கள். என்னால் எழுந்திருக்க முடியாததால் அத்தையைத்தான் பெட்டி அருகே விட்டிருக்கிறார்கள். அவர் நர்ஸம்மாவிடம் கெஞ்சி, ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கி, விரலால் தொட்டுப் பிள்ளையின் தலையில் விட்டு, தானே ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்.

ஜுரம் இறங்கிய பிறகு ஜார்ஜ் தயங்கித் தயங்கி இதைச் சொன்னார். ஐயோ, எனக்கு வந்ததே கோபம்! தையல் போட்ட வயிற்றோடு கத்தினேன்.

"நான் மயக்கத்துல கெடந்தப்ப எம்புள்ளையைத் தூக்கி உங்க கோயில்ல போட்டுக்கினாங்களா? திருட்டு வேலை!"

அத்தை வாசலுக்கு வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்தது. உள்ளே வரவே இல்லை.

மறுநாள் ஆயரும் ஃபாதரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். நான் ஆயரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஐயா, அது செல்லாதுன்னு சொல்லுங்க. நம்ம கோயில்ல திரும்பக் குடுங்க."

ஆயர் மெதுவாகத்தான் சொன்னார். "செல்லும்மா. ஆபத்துன்னா எந்த விசுவாசியும் குடுக்கலாம், அதை ரெண்டு சபையும் ஏத்துக்குது. ஒரு தடவை குடுத்ததை நான் திரும்பக் குடுத்தா, மொதல்ல குடுத்தது பொய்னு ஆயிடும்."

தோற்றுப்போனேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். ஃபாதர் அத்தையை உள்ளே கூப்பிட்டு, முறையாகத்தான் செய்தாரா என்று விசாரித்தார்.

"இன்னா பேரு வெச்சீங்க சவுரியம்மா?"

அத்தை முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றார்.

"அக்சா, சாமி."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"இன்னா வார்த்தை சொல்லி ஊத்தினீங்க?"

"புஷ்பத்தோட கோயில்ல சொல்றாப்பல, சாமி. பிதா, குமாரன், பரிசுத்த ஆவின்னு. அப்புறம் ஜெபம் சொன்னேன். வாலோடயே சொன்னேன். தெனம் கேக்கறேன் இல்ல, தப்பில்லாம வந்துடுச்சி." அவருக்குக் குரல் உடைந்தது. "புள்ளை தங்காதுன்னுட்டாங்க. போறதுன்னா, பெத்தவ வெச்ச பேரோட, பெத்தவ ஜெபத்தோட போவட்டும்னு நெனச்சேன். அவ எழுந்து கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?"

நான் ஓவென்று அழுதேன். திருட்டு வேலை என்று கத்திய வாயால் "அத்தை, கிட்ட வாங்க" என்று கூப்பிட்டேன். அவர் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். ஜார்ஜ் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினார்.

ஃபாதர் தொண்டையைச் செருமினார். "அப்போ, எந்தக் கோயில்ல பதிவு பண்றது?"

அத்தை தலையைக் குனிந்துகொண்டார். இத்தனை மாதம் வீடு இரண்டுபட்டது இந்தக் கேள்விக்காகத்தான்.

"உங்க கோயில்லயே எழுதிக்கோங்க ஃபாதர்" என்றேன். "எங்கப்பா கிட்ட நான் பேசிக்கறேன்."

அத்தை பதறிப்போய் என் நெற்றியில் கை வைத்தார். "இன்னாடி, ஜுரம் இன்னும் விடலையா?"

"அதெல்லாம் விட்டுடுச்சி. ஆனா பேரு அக்சாதான். ஆரோக்கியமேரின்னு யாராச்சும் கூப்பிட்டீங்க, வீட்ல சோறு கெடையாது."

"சரிடியம்மா, அக்சாவே இருக்கட்டும்." முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டுத் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார். "பள்ளிக்கூடத்துல எவனாச்சும் தும்மினா, டீச்சர் கூப்பிட்டாங்கன்னு இவ எழுந்து நிப்பா. அப்போ தெரியும் உனக்கு."

பிள்ளை பிறந்ததிலிருந்து டாக்டர்கள் உட்பட யாருமே நாளையைப் பற்றிக்கூட எங்களிடம் பேசவில்லை. என் மகள் பள்ளிக்கூடம் போவாள் என்று சொன்ன முதல் ஆள் என் மாமியார்தான்.