இணைச்சீருக்கு ஆகாத அக்கா

வயிற்றிலிருந்து வளையத்தை எடுத்து ஆறு நாள் ஆகிறது. அம்மா எல்லோரிடமும் குடல்வால் ஆபரேஷன் என்று சொல்லிவைத்திருக்கிறாள். பொய் சொல்ல அவளுக்குக் கூச்சமே கிடையாது. எட்டு வருடத்துக்கு முன்னால், "குண்டுப் பொண்ண எவன் கட்டுவான்" என்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போய், அதிகம் சாப்பிட முடியாதபடி என் இரைப்பையைச் சுற்றி அந்தச் சிலிக்கான் வளையத்தைப் போட வைத்தவளும் அவள்தான். இளைத்தேன், கல்யாணமும் ஆனது. போன மாதம் வளையம் நழுவி, குடித்த தண்ணீர்கூட வாந்தியாக வந்தது. எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள், எடுத்தாயிற்று. எடை திரும்ப ஏறலாம் என்று டாக்டர் சொன்னதை மட்டும் அம்மா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் தம்பி சுரேந்தருக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவள்தான் மேடையில் நின்று இணைச்சீர் செய்ய வேண்டும். கூறைப்புடவையின் ஒரு தலைப்பு அவனிடம், மறு தலைப்பு அவளிடம். சபையே பார்க்கும். அவனுக்கு இருப்பது ஒரே அக்கா, நான்.

நேற்று அம்மா கஞ்சியை ஆற்றிக்கொண்டே ஆரம்பித்தாள். "உனக்கெதுக்கு அம்மணி சிரமம்? பெரியப்பா மக ரித்திகா இணைச்சீரு பண்ணிப்போடட்டும். நீ ஒடம்பப் பாரு கண்ணு."

"இன்னும் அஞ்சு வாரம் இருக்கு. அதுக்குள்ள நல்லாயிருவேன்."

"அதுக்குள்ள எத்தனை கிலோ ஏறுமோ."

கழுத்தை அறுக்கும்போதும் கண்ணு என்பாள் எங்கள் அம்மா.

சுரேந்தர் எனக்காகப் பேசுவான் என்று நம்பி அவனைக் கேட்டேன். செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நாந்தாங்க்கா சொன்னேன். போட்டோ, வீடியோ எல்லாம் காலத்துக்கும் இருக்குமில்ல?" சின்னதில் அவனைத் தூக்கிச் சுமந்த இடுப்பு இது. அப்போது அது அகலம் என்று அவன் அழுததில்லை.

இன்று மதியம் தாராபுரத்திலிருந்து பெண்ணின் அம்மா, எங்கள் சம்பந்தியம்மா, ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக என்னைப் பார்க்க வந்தார். அம்மா காபியைக் கொடுத்துவிட்டு, "பிரியாவுக்குக் குடல்வால் ஆபரேசனுங்க. மேடையில நிக்க முடியாதுங்க. இணைச்சீர ரித்திகா பண்ணிருவாளுங்க" என்றாள். பக்கத்தில் சுரேந்தர் தலையாட்டினான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "குடல்வால் இல்லைங்க அத்தை" என்று தொடங்கி, வளையம் போட்டதிலிருந்து எடுத்தது வரை எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். "மறுபடி குண்டாயிருவேனாமுங்க. கல்யாணப் போட்டோவுல நல்லா இருக்க மாட்டேனாம். உங்க மாப்பிள்ளையோட முடிவுங்க அது."

"மருந்து மயக்கத்துல பேசறாளுங்க" என்று அம்மா சிரித்து மழுப்பினாள்.

சம்பந்தியம்மா டம்ளரைக் கீழே வைத்தார். குரல் கொஞ்சமும் உயரவில்லை.

"ஏனுங்க மாப்பிள்ளை, நாளைக்கு எம்பொண்ணு ஒரு கொழந்தையப் பெத்துக் குண்டாயிட்டா, அவளுக்குப் பதிலா யாரைங்க நிறுத்துவீங்க?"

சுரேந்தர் என்னைப் பார்த்தான். பதில் தெரியாவிட்டால் சின்னதிலிருந்தே என்னைத்தான் பார்ப்பான். நான் ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து, அதில் எழுதியிருந்ததைப் படிக்க ஆரம்பித்தேன்.