கோழி இறகு ஒட்டிய தட்டு

அபிநயாவின் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றுவிட்டார் பேராசிரியர் முருகானந்தம். அவர் போடாவிட்டால் அவளுடைய நாலு வருஷ உழைப்பும் கிணற்றில் போட்ட கல்தான்.

விஷயம் இதுதான். நாமக்கல் பக்கத்துக் கல்லூரியில் அவள் ஆய்வுக்கென்று பொடித்துளைகள் போட்ட சூடான தட்டு ஒன்று இருந்தது. தட்டின்மேல் காற்று சுழன்றடித்து ஓடும். அடியிலுள்ள விசிறி துளைகள் வழியாக மெல்ல ஊதினால், அந்தக் காற்று தட்டின்மேல் போர்வையாகப் படிந்து சூட்டைக் காப்பாற்றும். உறிஞ்சினால் போர்வை போய்விடும். மேலே ஓடும் காற்று சூட்டை அள்ளிக்கொண்டு போகும். அவள் எழுதியிருந்ததும் இதைத்தான்.

போன வாரம் கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் எல்லாம் தலைகீழ். ஊதும்போது சூடு கொள்ளை போனது. முருகானந்தம் துள்ளிக் குதித்தார். கல்லூரிக்குப் பின்னாலிருந்த தன் வீட்டு ஆழ்துளைக் கிணறு, அந்த போர், திடீரென்று வற்றிய கவலையைக்கூட மறந்தார்.

"கண்ணு, இது புதுக் கண்டுபிடிப்பு! எல்லாத்தையும் மாத்தி எழுது, அப்பறந்தான் கையெழுத்து."

அவளுக்கு எரிச்சல் மண்டியது. மேல்காற்றை நிறுத்திவிட்டுத் தட்டைக் குனிந்து பார்த்தாள். துப்பட்டாவிலிருந்து ஒரு கோழி இறகு விழுந்தது. எருமப்பட்டியில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் வீட்டுப் பெண். எங்கே போனாலும் இறகும் கூடவே போகும். ஊதுகிற தட்டில் விழுந்த இறகு பறக்க வேண்டாமா? பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டது. ஓடிப்போய்ச் சொன்னாள்.

"கோழி எறகை வெச்சு எனக்கே பாடம் எடுக்கறயா?" என்று சீறினார்.

இன்று ஆய்வேட்டை மதிப்பிடக் கோவையிலிருந்து வல்லுநர் அமுதவல்லி வந்திருந்தார். முருகானந்தம் கண்டுபிடிப்பைப் பற்றி முழங்கி முடித்தார். பிறகு அபிநயா மேல்காற்றை அணைத்துவிட்டு, ஒரு கைப்பிடி இறகைத் தட்டின்மேல் தூவினாள். ஒன்றுகூட எழும்பவில்லை.

"போன வாரம் டிரான்ஸ்பார்மர் மாத்துனாங்கல்லங்க மேடம், மூணு பேஸ் கரண்டுல ரெண்டு எடம் மாறி விசிறி திருப்பிச் சுத்துது. ஊதறதா நெனச்சு உறிஞ்சிட்டிருக்கறோம். ரெண்டு ஒயரை மாத்திப் போட்டாச் செரியாப் போயிருமுங்க."

அமுதவல்லி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். ஆனால் முருகானந்தம் குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத ஆசாமி.

"பாத்தீங்களாங்க மேடம்? புள்ள கண்டுபுடிக்குதான்னு சோதிச்சேன்." அபிநயாவிடம் திரும்பினார். "கையெழுத்தை அடுத்த மாசம் பாக்கலாம்."

அபிநயாவுக்கு ஆத்திரமும் சிரிப்பும் ஒருசேர வந்தன.

"செரிங்க சார். உங்க ஊட்டுக்கும் இதே டிரான்ஸ்பார்மர்தானுங்களே? மோட்டார் திருப்பிச் சுத்துனா தண்ணி மேல ஏறாதுங்க."

முருகானந்தத்தின் முகம் வெளுத்தது. போரை இன்னும் ஆழப்படுத்தத் திருச்செங்கோட்டிலிருந்து போர் வண்டியை வரச்சொல்லியிருந்தார். அது உறுமிக்கொண்டு பின்பக்கத் தெருவில் திரும்பும் சத்தம் ஜன்னல் வழியே கேட்டது.

செருப்பை மறந்து ஓடினார். அபிநயா ஆய்வேட்டோடு பின்னாலேயே ஓடினாள்.

"எந்த ஒயருன்னு காட்டு கண்ணு!"

"காட்டறனுங்க சார். மொதல்ல இங்க ஒரு கையெழுத்து."

அந்தக் கையெழுத்து ஆய்வேட்டில் கோணலாகத்தான் இருக்கிறது. போர் வண்டியின் மட்கார்டில் வைத்துப் போட்டது.