மிதித்தால் போகும் வண்டி

ட்ரூடியின் வண்டிக்கு பிக்கப் இல்லை. பெடலை மிதித்தால் ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் சும்மா இருக்கும். பிறகுதான் கிளம்பும். இரண்டு லட்சத்து எண்பதாயிரம் மைல் ஓடிய எட்டுச் சிலிண்டர் வண்டி. எட்டுப் பேர் உட்காரலாம். பின்னால் குதிரை டிரெய்லரையும் மாட்டிக்கொள்ளலாம்.

அவள் இறந்தது இதில் அல்ல. தன் சின்னக் காரில் வேலைக்குப் போகும்போது, இரண்டு மண் ரோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில். லேடன் ஹ்ருஷ்கா தன் டீசல் டிரக்கில் வேகத்தைக் குறைக்காமல் வந்தான். அவள் பக்கக் கதவில் இடித்தான். ஆகஸ்டில் சோளம் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும், குறுக்கே வருவது தெரியாது என்றார்கள். அவனுக்கு ஓர் அபராதச் சீட்டு கிடைத்தது. அப்போது எனக்கும் அவளுக்கும் கல்யாணமாகி இரண்டு வருடம்.

லேடன் பன்றிப் பண்ணை வைத்திருப்பவன். ஒவ்வொரு வருடமும் கவுண்டித் திருவிழாவில் டெர்பி ஓட்டுவான். சேற்றுக் களத்தில் வண்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும் ஆட்டம். கடைசியில் எது அசைகிறதோ அது ஜெயித்தது. எங்கள் நெப்ராஸ்கா ஊர்களில் சர்ச்சுக்கு வராதவன்கூட அதற்கு வருவான்.

அடுத்த ஆகஸ்டில் நானும் பெயர் கொடுத்தேன். லேடனின் கதவில் அடிப்பது என்று முடிவு செய்திருந்தேன். கோபத்தில் எடுத்த முடிவு இல்லை. ஒரு வருடமாக எனக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அடித்தால் ஏதாவது வருமா என்று பார்க்க வேண்டியிருந்தது.

வண்டியை டெனாவின் ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். டெனா ட்ரூடியின் அக்கா. அறுவடை இயந்திரங்கள் பழுது பார்ப்பவள். அப்பா அம்மா இல்லை. தங்கையும் போன பிறகு, ஞாயிறு மதியம் என்னோடு சாப்பிடுவதுதான் அவளுக்கு மிச்சமிருந்த குடும்பம்.

“டெர்பிக்கா? இதையா?”

“ஆமா.”

“கண்ணாடியக் கழட்டிட்டு அப்படியே ஓட்டிட்டுப் போயேன். எல்லாவனும் அதத்தான் பண்றான். இதுக்கு எதுக்கு என் உயிர வாங்கற?”

“மிதிச்ச உடனே போகணும்.”

“மிதிச்ச உடனே போகணுமாம். துரைக்கு அவசரம்.”

பேசிக்கொண்டே பானெட்டைத் திறந்துவிட்டாள். காற்று உள்ளே போகும் குழாயைக் கழற்றினோம். பெடலை மிதித்தால் திறக்கும் திராட்டில் வாயில் கரி அப்பியிருந்தது. உள்ளே விரலை விட்டு எடுத்தால் அடுப்புக்கரி மாதிரி வந்தது. நான் ஸ்ப்ரே அடித்துத் துணியால் துடைத்தேன். காற்றை அளக்கும் சென்சாரை டெனா வெளியே எடுத்தாள். அதற்குள் இருக்கும் கம்பி தலைமுடி கனம்தான். அதில் எண்ணெய் வறுபட்டு ஒட்டியிருந்தது. இது கழுவி எண்ணெய் தடவிப் போடுகிற வகை ஏர் ஃபில்டர். ட்ரூடி எண்ணெயைத் தடவ மாட்டாள், ஊற்றுவாள்.

“சாலட்டுக்கும் இப்படித்தான் கவுத்துவா,” என்று டெனா சிரித்தாள். சிரித்த வாயை உடனே மூடிக்கொண்டாள். “அந்த ஸ்ப்ரேய இங்க குடு.”

ஸ்பார்க் பிளக் எட்டையும் மாற்றினோம். புகைக்குழாயின் நடுவில் இருந்த வடிகட்டி பாதி அடைத்திருந்தது. வெட்டி எறிந்துவிட்டு, டெர்பிக்காரர்கள் செய்வதுபோல் குழாய்களை பானெட் வழியாக மேலே நிமிர்த்தி வைத்தோம். பேட்டரியைப் பக்கத்து சீட்டின் காலடியில் கட்டினோம். பெட்ரோல் டேங்கை இறக்கிவிட்டு, படகில் வைக்கும் சின்ன டேங்க் ஒன்றை முதுகுக்குப் பின்னால் வைத்தோம்.

இன்ஜினைப் போட்டதும் அது பேய் மாதிரி கத்தியது. நான் பெடலுக்குக் காலை நீட்டினேன்.

“தொடாத!” என்றாள் டெனா. “இத்தன வருஷமா அந்தக் கரிக்கு ஏத்த மாதிரி மூச்சு விட்டுப் பழகியிருக்கு. இப்ப கரியில்ல. அதுவா கத்துக்கட்டும். சும்மா ஓட விடு.”

விட்டோம். சத்தம் ஏறி இறங்கித் தள்ளாடி, பிறகு ஒரே சீராக நின்றது. அப்புறம் மிதித்தேன். வண்டி பாய்ந்ததில் தலை பின்னால் போய் இடித்தது. பிரேக் பிடிப்பதற்குள் ஷெட்டின் தகரச் சுவர் குழிந்துவிட்டது.

“அடப்பாவி! கல்யாண மாப்பிள மாதிரில்ல துள்ளுது!”

ஓட்டுநர் பக்கக் கதவுக்கு வெள்ளை அடித்தேன். விதி அது. டெனா என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இந்த வெள்ள எதுக்குன்னு தெரியும்ல?”

“தெரியும்.”

“உள்ள ஆளு உக்காந்திருக்கான், இங்க அடிக்காதன்னு அர்த்தம்.”

“தெரியும் டெனா.”

அவள் கறுப்பு ஸ்ப்ரே டப்பாவை எடுத்துக் குலுக்கினாள். “கூரை மேல அவ பேர எழுதறேன். எல்லாரும் செத்தவங்க பேரப் போடுவாங்க.”

“வேண்டாம்.”

“ஏன்?”

“இந்த வண்டில வேண்டாம்.”

டப்பாவுக்குள் இருந்த சின்ன இரும்புக் குண்டு கொஞ்ச நேரம் உருண்டது. பிறகு நின்றது. அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். டப்பாவை வைத்துவிட்டுக் கையைக் கழுவப் போனாள்.

டெர்பி ஞாயிற்றுக்கிழமை மதியம். தீயணைப்பு வண்டி தண்ணீர் பீய்ச்சிக் களத்தைச் சேறாக்கிக்கொண்டிருந்தது. பெரிய வண்டிகள் பிரிவில் ஒன்பது பேர். வண்டிகளைச் சோதிக்கும் இடத்தில் லேடன் என்னிடம் வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

“வெஸ்.”

“ம்.”

“நீ வர்றது தெரிஞ்சிருந்தா நான் வந்திருக்க மாட்டேன்.”

நான் ஹெல்மெட்டின் வாரை இறுக்கினேன்.

“போன்னு சொன்னா இப்பவே போயிடறேன்.”

“வேணாம். இரு.”

அவன் என் முகத்தைப் பார்த்தான். தலையை ஆட்டிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டான்.

நடுவர் கஸ் தொப்பை பெருத்த கிழவர். ஒவ்வொரு வண்டிக்கும் ஓட்டுநர் பக்கத் தூணில் ஒரு மரக்குச்சியை டேப் ஒட்டி நிமிர்த்தி வைத்தார். “கேட்டுக்கங்கடா கழுதைங்களா. முடியலன்னா குச்சிய ஒடிங்க. குச்சி ஒடஞ்சவன யாரும் தொடக் கூடாது. கதவுல அடிச்சவன் வெளியே. கதவக் காட்டித் தப்பிக்கப் பாத்தவனும் வெளியே.”

“ஏய் காலேஜு!” என்று பக்கத்து வண்டிக்காரன், காலேஜ் படித்த என்னைப் பார்த்துக் கத்தினான். “பல்லெல்லாம் சொந்தப் பல்லா? கழட்டிப் பாக்கெட்ல வச்சுக்க!”

கூட்டம் ஐந்திலிருந்து கீழே எண்ணியது. கொடி விழுந்தது.

முதல் இடி பின்னாலிருந்து வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். வாயெல்லாம் ரத்தம். ரேடியேட்டரைக் காப்பாற்ற எல்லோரும் பின்பக்கத்தால்தான் அடிப்பார்கள். நானும் கழுத்தைத் திருப்பி, கண்ணாடி இல்லாத பின்ஜன்னல் வழியே பார்த்து மிதித்தேன். ஒரு பச்சை வண்டியின் முன்சக்கரம் மடிந்து அடியில் போனது. திரும்பவும் மிதித்தேன். அதன் இன்ஜின் பின்னால் தள்ளப்பட்டு, பானெட் கூடாரம்போல் எழுந்தது. ஓட்டியவன் குச்சியை ஒடித்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டான். மற்றவர்களின் வண்டிகள் கிளம்ப யோசித்தன. என்னுடையது யோசிக்கவில்லை. அவர்கள் திரும்புவதற்குள் நான் போய் விழுந்தேன். ‘பல்’ என்று கத்தியவனைக் களத்தின் ஓரத்து சிமெண்ட் கட்டையோடு வைத்து நசுக்கினேன். அவன் ரேடியேட்டர் வெடித்து, கொதிநீர் என் முழங்கையில் தெறித்தது. தோல் உரிந்ததைப் பார்த்தேன். வலி யாருக்கோ என்பதுபோல் இருந்தது.

லேடன் என்னை அடிக்கவே இல்லை. இரண்டு முறை நேராக என் பக்கம் வந்து, கடைசியில் வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

கடைசியில் நாங்கள் இருவரும்தான் மிஞ்சினோம். அவனுடைய முன்சக்கரம் ஒன்று கழன்று கிடந்தது. வண்டி சேற்றில் அரைவட்டம் அடித்துக் குறுக்காக நின்றது. வெள்ளைக் கதவு என் பக்கம் இருந்தது. நான் களத்தின் மறுகோடியில், அவனுக்குப் பின்பக்கத்தைக் காட்டி நின்றேன்.

ஜெயிக்க வேண்டுமென்றால் நான் சும்மா இருந்தால் போதும். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. கஸ் கையை நீட்டி, “முன்பக்கம், முன்பக்கம்” என்று சைகை காட்டினார். அடித்தே ஆக வேண்டுமென்றால் வளைத்துக்கொண்டு போய் அவன் பானெட்டில் தட்டு என்று அர்த்தம்.

லேடன் என்னைப் பார்த்தான். ஹெல்மெட்டுக்குள் கண் தெரிந்தது. நான் வண்டியைத் திருப்பவில்லை என்பதைக் கவனித்தான். கை மேலே போய்க் குச்சியைப் பிடித்தது. ஒடித்திருந்தால் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

கையை எடுத்தான். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டான்.

மிதித்தேன்.

வெள்ளை பெரிதாகிக்கொண்டே வந்தது. இடித்தபோது சத்தம் கேட்கவில்லை. முதுகெலும்பில்தான் கேட்டது. என் வண்டியின் பின்பக்கம் அவன் கதவுக்குள் புகுந்து, இரண்டும் சேர்ந்து சிமெண்ட் கட்டை வரை சறுக்கின. முன்னால் எடுத்தேன். கதவு சீட்டோடு ஒட்டியிருந்தது. இன்னொரு முறை அடிக்க இடம் இருந்தது. கியரைப் பின்னால் தள்ளி மிதித்தேன். வண்டி கிளம்பிவிட்டது. அப்போது அவன் அலறினான். பன்றிக்குட்டி மாதிரி, மெல்லிய குரலில்.

கால் தானாக மேலே வந்தது. வண்டி நின்றது.

சிவப்புக் கொடிகள். தீயணைப்புக்காரர்கள் இரும்பு வெட்டும் கருவியோடு ஓடினார்கள். கதவை அறுத்து அவனை எடுக்க வெகு நேரமானது. இடுப்பு உடைந்திருந்தது. இடது கால் இருக்க வேண்டிய திசையில் இல்லை.

நான் கியரை நடுவில் தள்ளிவிட்டு இறங்கி நின்றேன். யாரும் என்னை அடிக்க வரவில்லை. மாறாக ஒருவர் முதுகில் தட்டினார்.

“பெடல் மாட்டிக்கிச்சு,” என்றார் கஸ் உரக்க, எல்லோருக்கும் கேட்கும்படி. “பழைய வண்டி. போன வருஷமும் ஒருத்தனுக்கு இப்படித்தான் ஆச்சு. மாட்டிக்கிச்சு, அவ்வளவுதான்.”

ஸ்ட்ரெச்சரில் லேடனைக் கொண்டுபோனார்கள். கூடவே நடந்த போலீஸ் டெபுடி ப்ரெண்ட் குனிந்து ஏதோ கேட்டார். லேடனின் முகம் சாம்பலாக இருந்தது.

“பெடல்,” என்றான். “மாட்டிக்கிச்சு அவனுக்கு. நான் பாத்தேன்.”

ப்ரெண்ட் என்னிடம் வந்தார். பள்ளியில் எனக்கு மூன்று வகுப்பு மூத்தவர். ட்ரூடி இறந்த அன்று என் வீட்டுக் கதவைத் தட்டியதும் இவர்தான்.

“வெஸ், அவசரப்படாம சொல்லு. பெடல் மாட்டிக்கிச்சா?”

“மாட்டிக்கிச்சு,” என்றாள் டெனா. வேலியைத் தாண்டிச் சேற்றில் ஓடி வந்திருந்தாள். “திராட்டில நான்தான் கழுவி மாட்டினேன். சரியா மாட்டல போல. என் மேல எழுதிக்கங்க ப்ரெண்ட்.”

“அப்படியா வெஸ்?”

தலையை ஆட்டியிருந்தால் போதும். எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்போம். லேடனின் மனைவிக்கு ஒரு தட்டு உணவு செய்து எடுத்துப்போகச் சொல்லியிருப்பார்கள். நானும் போயிருப்பேன்.

“அவ வேல சுத்தமான வேல,” என்றேன்.

இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே உடம்பை நுழைத்து, கையால் பெடலை அழுத்தினேன். இன்ஜின் எகிறியது. விட்டேன். உடனே அடங்கியது.

“நீங்களே பாருங்க.”

“வெஸ், வேண்டாம்,” என்றார் ப்ரெண்ட் மெதுவாக.

“பாருங்க.”

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்து அழுத்தினார். எகிறியது. எடுத்தார். அடங்கியது. இன்னொரு முறை செய்தார். கஸ் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“மிதிச்சா போகும். விட்டா நிக்கும்,” என்றேன். “நான் மிதிச்சேன். ரெண்டாவது தடவையும் மிதிச்சேன்.”

டெனா அறைந்தாள். ஏற்கெனவே கிழிந்திருந்த வாயிலிருந்து ரத்தம் மறுபடி வழிந்தது. திரும்ப அறைந்தாள், இந்த முறை மூடிய கையால். ப்ரெண்ட் அவளைத் தடுக்கவில்லை.

“ஒரு பொய்,” என்றாள். “ஒரே ஒரு பொய் சொல்ல முடியலயா உனக்கு? ஊரே கூடி உன் வாயில ஊட்டிச்சேடா. அவளும் போயிட்டா, நீயும் உள்ள போயிட்டா, ஞாயித்துக்கிழம நான் யாரோட உக்காந்து சாப்பிடறது? சொல்லு!”

அவள் சட்டையில் என் ரத்தம் பட்டிருந்தது.

ஸ்விட்சைத் தட்டி இன்ஜினை நிறுத்தினேன். பிறகு ப்ரெண்ட்டின் காரை நோக்கி, அவருக்கு முன்னால் நடந்தேன்.