நிர்வாகத்தின் நான்காவது பணி

கல்விக்கு வயதில்லை என்று ஆன்றோர் அருளியிருக்கிறார்கள். அருளிய ஆன்றோர் யாருக்கும் மாலையில் பாத்திரம் துலக்கும் வேலை இருந்ததாகத் தகவல் இல்லை.

நாற்பது தாண்டி அஞ்சல் வழியில் பட்டப்படிப்புக்குச் சேர்ந்த அவளுக்கு இருந்தது. பகலெல்லாம் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் நின்றபடியே படுக்கை விரிப்பு மடிக்க வேண்டும். பட்டம் வந்தால் மேற்பார்வையாளர் பதவி. அதாவது, ஒரு நாற்காலி. அவளுடைய முழங்கால்கள் அந்த நாற்காலியைத்தான் கனவு கண்டுகொண்டிருந்தன. நிர்வாகவியல் தாள் மட்டும் ஏற்கெனவே ஒருமுறை காலை வாரியிருந்தது.

உட்கார்ந்து படிக்க நேரம் ஏது? பாடத்தை உரக்க வாசித்துக் கைபேசியில் பதிந்துகொள்வாள். விரிப்பு மடிக்கும்போது காதில் மாட்டிக்கொண்டு கேட்பாள். பதிவு நடக்கும் இடம் சமையலறை. அதற்குக் காவல், பஸ் ஓட்டும் புருஷன்.

"யாரும் மூச்சு விடக்கூடாது! அம்மா பதியுறா!" என்று அவர் போடும் கூச்சலில் பக்கத்து வீட்டுக் குழந்தை விழித்துக்கொள்ளும்.

"மூச்சு விடுறது நீங்க ஒருத்தர்தாம்பா," என்பாள் மகள்.

அன்று நிர்வாகத்தின் ஐந்து பணிகள். திட்டமிடல், ஒழுங்கமைத்தல், பணியமர்த்தல் என்று வாசித்துக்கொண்டே வந்தாள். பால் பொங்கியது.

"அடுப்ப அணைடி!" என்று அவர் மகளைப் பார்த்து அலறிய அலறலில் நான்காவது பணி முழுகிப்போனது. மறுபடி பதிய அவளுக்குத் தெம்பில்லை. வாரக்கணக்கில் அதையே கேட்டாள்.

தேர்வில் அதே கேள்வி வந்தது. பேனா தானாக ஓடியது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான், எழுதியது என்ன என்று உறைத்தது.

"நாலாவதா, 'அடுப்பை அணைத்தல்'னு எழுதிட்டேங்க."

சாப்பிட்டுக்கொண்டிருந்த அவர் தட்டைத் தள்ளிவைத்தார். "பாழாப்போன வாய்! உன் நாற்காலிக் கால நானே ஒடிச்சுட்டேனே."

"விடுங்க. நீங்க கத்தலைன்னா அன்னைக்குப் பாலாவது மிஞ்சியிருக்குமா?"

முடிவு வரும்வரை அவர் வீட்டில் ஜாடையில்தான் பேசினார்.

மயிரிழையில் தேறிவிட்டாள். பஸ் பணிமனை முழுக்கத் தம்பட்டம் அடித்தார். "ஒரு வரி தப்பா எழுதினா என்னய்யா? எம் பொண்டாட்டி மத்ததுல பின்னியெடுத்துட்டா!" அத்தோடு விட்டாரா? சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்ட, விடைத்தாள் நகல் கேட்டும் எழுதிப்போட்டார்.

நகல் வந்தது. 'அடுப்பை அணைத்தல்' என்பதற்கு நேரே சிவப்பு மையில் ஒரு சரிக்குறி, ஒரு மதிப்பெண். அவள் தேறியது அந்த ஒரு மதிப்பெண்ணில்.