நினைவட்டை நிரம்பும் வரை

பனி இறங்கும் பருவம் அது. கதிரவன் எழுந்தும் எழாதவனாய் வெண்துகிலுக்கு அப்பால் நின்று உலகை நோக்கினான். மரங்கள் இலையசைக்க மறந்திருந்தன. கூரை விளிம்பின் நீர்த்துளிகள் விழத் துணியாமலும் நிற்க மாட்டாமலும் தொங்கின. வாடைக்கு வாயில்லை, ஆயினும் சாளர இடுக்குகளில் அது எதையோ சொல்லிக்கொண்டே இருந்தது. பிரிந்தோரை நினைக்கவைக்கும் காலம் என்று முன்னோர் பாடிவைத்தது இதைத்தான். அந்த வீட்டில் நினைக்கப்படுவோர் இருவர். ஒருத்தி, இரண்டு மாதங்களுக்கு முன் கண்மூடிய மாமியார். மற்றவளின் பெயரை அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இளைய மருமகளை வீட்டார் சின்னவள் என்பார்கள். கடைத்தெருவில் சிறிய ஸ்டுடியோ ஒன்று வைத்திருந்தாள். கணவனுக்குக் கப்பலில் வேலை. வீட்டில் மாமனாரும், கணவனின் அண்ணனான மூத்தவனும், அவளும்தான். அன்று காலை உணவு மேசையில் மூத்தவன் என்றுமில்லாத உற்சாகத்தோடு பேசினான்.

"அம்மா வீடியோ திரும்பக் கிடைச்சிடும். கடைக்காரன்கிட்ட பேசிட்டேன்."

மாமியாரின் கடைசி வாரத்தைச் சின்னவளின் கேமராவில் எடுத்துவைத்தவனும் அவன்தான். நினைவட்டையில் இருந்ததைத் திரும்பப் பார்க்கப்போய் எதையோ அழுத்தி மொத்தத்தையும் துடைத்துவிட்டவனும் அவன்தான்.

"ஃபார்மட் பண்ணிட்டா போனது போனதுதானே அத்தான்?"

"அதான் இல்லையாம். ஃபார்மட்ங்கிறது பெட்டி மேல ஒட்டின சீட்டைக் கிழிக்கிற மாதிரிதானாம். உள்ள சாமான் எல்லாம் அப்படியே கிடக்குமாம். அதுக்கு முன்னாடி எப்பவோ அழிச்சதைக்கூடத் தோண்டி எடுத்துடுவானாம். ஒரே நிபந்தனை, அதுல புதுசா எதையும் எடுக்கக் கூடாது. புதுசு வந்து பழசு மேல உக்காந்துட்டா, அப்புறம் அந்தக் கடவுளே வந்தாலும் முடியாதாம்." அவன் சிரித்தான். "பத்து வருஷமா கேமராவும் கையுமா திரியுற, இது தெரியல உனக்கு!"

சின்னவளின் கையிலிருந்த கரண்டி பாத்திரத்தில் மோதி ஒலித்தது.

"சாயந்திரம் ஆறு மணிக்கு வர்றேன். நீயும் கூட வா. ஒவ்வொரு படமா உக்காந்து பார்ப்போம். அதுவரைக்கும் யாரும் அந்தக் கார்டைத் தொடக் கூடாது."

அவன் போன பின்னும் அவள் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

எட்டு மாதங்களுக்கு முன், மூத்தவனின் மனைவி, சின்னவள் அக்கா என்று அழைப்பவள், முறிந்த மணிக்கட்டோடும் ஏழு வயது மகள் சிட்டுவோடும் இந்த வீட்டைவிட்டு ஓடினாள். "கண்ணுல மட்டும் படட்டும்" என்று தொடங்கி முடிக்காமல் விடும் வாக்கியம் ஒன்றைச் சுமந்துகொண்டு மூத்தவன் ஊர் ஊராகத் தேடினான். அவர்கள் இருக்குமிடம் அறிந்தவள் சின்னவள் ஒருத்தியே. ஒருமுறை போய்ப் பார்த்தபோது, சிட்டு புதுச் சீருடையில் பள்ளி வாசலில் நின்றாள்; பக்கத்தில் கையில் கட்டோடு தாய்; தலைக்கு மேல் பள்ளியின் பெயரும் தெருவின் பெயரும் எழுதிய பலகை. "ஒரே ஒரு படம் எடு, எனக்குன்னு வச்சுக்கிறேன்" என்று அக்கா கெஞ்சினாள். சின்னவள் எடுத்தாள். ஏறக்குறைய நிரம்பியிருந்த நினைவட்டையின் கடைசிப் படங்கள் அவை. ஒரு பிரதி அச்சிட்டுக் கொடுத்துவிட்டு, அக்கா கண்முன்னாலேயே எல்லாவற்றையும் துடைத்தாள்.

"ஃபார்மட் பண்ணிட்டேன் அக்கா. இனி யாராலயும் பார்க்க முடியாது."

அந்தச் சொல்லை நம்பித்தான் அக்கா அன்றிரவு உறங்கியிருப்பாள்.

நான்கு மணிக்கே கடையை அடைத்துவிட்டுச் சின்னவள் ஓடிவந்தாள். மாமியார் படத்தின் முன் சிறு பிளாஸ்டிக் பெட்டியில் இருந்தது நினைவட்டை. அதே வகையில் வேறொன்றை மாற்றி வைத்துவிடும் எண்ணத்தோடு கடையிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். பெட்டியைத் திறந்ததும் அந்த எண்ணம் செத்தது. அட்டையின் முதுகில் பொடி எழுத்தில் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தான் மூத்தவன். அவன் அப்படிப்பட்டவன். மனைவியின் செருப்புத் தேய்மானத்தைப் பார்த்தே அவள் எவ்வளவு தூரம் நடந்தாள் என்று விசாரித்தவன்.

உடைத்தால் யார் உடைத்தது என்பான். தொலைந்தால் வீட்டையே புரட்டுவான். எஞ்சிய வழியை அவனே காலையில் சொல்லிக்கொடுத்திருந்தான்.

கேமராவில் அட்டையைச் செருகி, ஸ்டாண்டில் நிறுத்திச் சுவரை நோக்கித் திருப்பினாள். மிக உயர்ந்த தரத்தில் வீடியோ வைத்தால்தான் விரைவில் நிரம்பும். ஒரு மணி இருபத்தெட்டு நிமிடம் என்று காட்டியது திரை. விளிம்பு வரை நிரப்பியாக வேண்டும். கடைசியாக எடுத்த சிட்டு கடைசி மூலையில்தான் கிடப்பாள். சிவப்புப் பொத்தான்மேல் விரல் வைத்தாள். அழுத்த முடியவில்லை. அதே அட்டைக்குள் மாமியாரின் குரலும் இருந்தது.

"எதைம்மா எடுக்கப்போற?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். அறை வாசலில் மாமனார், போர்வையும் கலைந்த தலையுமாக.

"சுவரை, மாமா."

"சுவரையா? நாற்பது வருஷமா பார்க்கிறேன், அப்படியொண்ணும் அழகா இல்லையே."

சொல்லிக்கொண்டே வந்தவரின் பார்வை, திறந்து கிடந்த வெறும் பெட்டியில் விழுந்தது. சிரிப்பு நின்றது. இவர் மூத்தவனைப் பெற்றவர். ஒரு தொலைபேசி அழைப்புப் போதும்.

"மாமா... அதுல அக்கா இருக்காங்க. சிட்டுவும். பள்ளிக்கூடப் பேர், தெருப் பேரோட. அழிச்சுட்டேன்னு நினைச்சேன். அத்தான் பார்த்துட்டா..."

பெரியவர் மெல்ல நாற்காலியில் அமர்ந்தார். கடிகாரம் நான்கரையைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"மீசையை ஒழுங்கா வெட்டலைன்னு உன் அத்தை என்னை வைவாளே, அதுவும் அதுலதானே இருக்கு?"

"ஆமா மாமா."

"படுக்கையில கிடந்துகூட விட மாட்டா." அவர் மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு எதிர்ச்சுவரைக் காட்டினார். "அவன் அடிக்கிற சத்தம் இது வழியாத்தான் வரும். அப்ப நான் என்ன பண்ணுவேன் தெரியுமா? பதிகத்தை உரக்கப் பாடுவேன். சாமி காதுல விழணும்னு இல்லம்மா. என் காதுல எதுவும் விழக் கூடாதுன்னு."

சின்னவள் தலைகுனிந்தாள்.

"கேமராவை என் பக்கம் திருப்பு."

"மாமா, அத்தான் கேட்டா?"

"நான் பாடினேன்னு சொல்றேன். பொய் இல்லையே."

அவள் அழுத்தினாள். பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்மூடிப் பாடத் தொடங்கினார். முதலில் தளும்பிய குரல், இரண்டாம் பாட்டில் நிலைகொண்டது. சின்னவளோ பாட்டைக் கேட்கவில்லை. எண்கள் குறைவதை மட்டுமே பார்த்தாள். தெருவில் எந்த வண்டி வந்தாலும் அவள் கண் வாசலுக்குப் போய்த் திரும்பியது. அரைமணி ஆனதும் கேமரா தானாகவே நின்றது.

"என்னம்மா, என் குரல் தாங்காம வாயை மூடிக்கிச்சா?"

"அரைமணிக்கு ஒருதரம் நின்னுடும் மாமா. அதோட வழக்கம்."

"பாடுறவனுக்கு இல்லாத அடக்கம் அதுக்கு இருக்கு. போடு."

மீண்டும் அழுத்தினாள். பின்னும் ஒருமுறை. வெளியே பனி வாசலை மூடியது. திரையில் ஏழு நிமிடம் எஞ்சியிருந்தபோது கேட்டின் தாழ் ஒலித்தது. மணி ஆறுகூட ஆகவில்லை.

"அப்பா!"

மூத்தவன் வாசலில் நின்றான். தலைமுடியில் பனி. அவன் கண் வெற்றுப் பெட்டிக்கும், கேமராவின் சிவப்பு ஒளிக்கும், சின்னவளின் முகத்துக்கும் தாவியது.

"எந்தக் கார்டு அது? அணை! அணைடி முதல்ல!"

பாய்ந்து வந்தவனின் மணிக்கட்டைப் பெரியவர் பற்றினார். பாட்டு நிற்கவில்லை. எண்பது வயதுக் கை. ஆனால் பிடி தளரவில்லை. மகன் உதறினான். தகப்பன் பாடிக்கொண்டே எழுந்து, அவனுக்கும் கேமராவுக்கும் நடுவே நின்றார். தந்தையைத் தள்ளிவிட அந்தக் கைக்கும் ஒரு கணம் கூச்சம் வந்தது. அந்த ஒரு கணம் நீண்டு நிமிடங்களாயிற்று. அறைக்குள் பதிகமும் மூச்சிரைப்பும் மட்டுமே. திரை இருண்டது. வீடியோவுக்கு இடமில்லை.

ஆனால் ஓரத்தில் சிறு எண்: ஒன்பது. ஒன்பது படங்களுக்கு இன்னும் இடமிருந்தது. அந்த மூலையில்தான் சிட்டு.

"இதோ அணைக்கிறேன் அத்தான்," என்றாள் சின்னவள். குரல் அவளுடையதாகவே இல்லை. தூங்கும் குழந்தைகளைப் படமெடுப்பவள். கேமராவைச் சத்தமில்லாமல் வைத்திருந்தாள். படப் பொத்தானை அழுத்தினாள். எட்டு. ஏழு. "பட்டன் சிக்கிக்கிச்சு." ஐந்து. மூன்று. தகப்பனும் மகனும் கைகோத்து மல்லுக்கு நிற்கும் படங்கள். ஒன்று. சுழியம்.

அவன் அவளைத் தள்ளிவிட்டு அட்டையைப் பிடுங்கினான்.

"அம்மா குரல் போச்சே! ரெண்டு பேரும் சேர்ந்து அம்மாவைக் கொன்னுட்டீங்களே!" உண்மையாகவே அழுதான். பிறகு அழுகை வடிந்த கண்ணோடு அவளை உற்றுப் பார்த்தான். அந்தப் பார்வை அழுகையைவிடக் கொடியது. "இதுக்கு முன்னாடி இதுல என்ன எடுத்திருந்த?"

"பாஸ்போர்ட் படம்."

"பார்ப்போம்."

வண்டி உறுமிப் போயிற்று. இருவரும் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஏதேனும் ஒரு துணுக்கு மிஞ்சியிருந்தால்? பலகையின் பாதி, ஓர் எழுத்து, சீருடையின் ஓரம்? சின்னவள் பையில் இரண்டு உடை எடுத்து வைத்துக்கொண்டாள். அக்காவுக்குச் சொல்ல வேண்டியதை மனத்தில் நூறுமுறை சொல்லிப் பார்த்தாள்.

ஒன்றரை மணி கழித்து மூத்தவன் வந்தான். அட்டையை மேசைமேல் எறிந்தான்.

"எல்லாம் உங்க பாட்டுதான். தோண்டத் தோண்டப் பாட்டு." தன் அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்திக்கொண்டான்.

சின்னவள் பையைக் கீழே வைத்தாள். பெரியவர் எழுந்து மனைவியின் படத்தின் முன் போய் நின்றார். கைகூப்பினார். பதிகத்தில் நிறைவுப் பாட்டு இன்னும் பாக்கியிருந்தது. தொண்டை கட்டிவிட்டதால் குரல் எழவில்லை. உதடுகள் மட்டுமே அசைந்தன. ஒரு சொல்லும் விடாமல் பாடி முடித்தார்.

பிறகு, சுவருக்கு அப்பால் கேட்காதபடி, சின்னவளின் தலைமேல் கை வைத்துச் சொன்னார்:

"அவகிட்ட சொல்லு. எங்க இருந்தாலும் பயமில்லாம தூங்கட்டும். குழந்தை நல்லாப் படிக்கட்டும். நீயும் நல்லா இரும்மா."